அபாயச் சங்கு ஆவுடையப்பன்

புதுக்கோட்டையை ஒட்டிய திருக்கோகர்ணத்தில் ஆவுடையப்ப பிள்ளை என்று ஒருவர் இருந்தார். தொழில் கீர்த்தனை எழுதுவது. அதாவது, தொழில் என்ன என்று யாராவது கேட்டால் அவர் அப்படித்தான் சொல்வார். வீட்டில் உலை கொதித்தது வல்லத்திராக்கோட்டையில் இருந்த நஞ்சையால். அது அவர் மனைவி உண்ணாமலைக்குப் பிறந்த வீட்டார் கொடுத்தது. உண்ணாமலை வாரத்தில் பாதி நாள் அங்கே போய் நடவையும் களையெடுப்பையும் பார்ப்பாள். மீதி நாள் வீட்டில் இருந்து கணவர் பாடுவதைக் கேட்பாள். இரண்டில் எது கஷ்டம் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் கேட்டால், அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று உள்ளே போய்விடுவாள்.

பிள்ளை எல்லாரையும் போலக் கீர்த்தனை எழுதியிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. ஸ்வரங்களைப் பற்றி அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. அதைக் காது கொடுத்துக் கேட்பவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் தெருவை வைத்து விளக்குவார். ரி என்பது ஒரு வீடு, க என்பது அடுத்த வீடு. ஊரில் உள்ள வித்துவான்கள் எல்லாம் வீடு வீடாகப் போய்விட்டு வருகிறார்கள். ஆனால் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே சந்து இருக்கிறது. அந்தச் சந்திலும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். அவர்களை யாரும் ஒரு விசேஷத்துக்கும் அழைப்பதில்லை. பிள்ளை அவர்களை மட்டுமே அழைத்துப் பாட்டுக் கட்டினார். அவற்றுக்கு இடைச்சுரம் என்று பெயரும் வைத்தார். சுரம் என்றால் ஊரில் முக்கால்வாசிப் பேருக்குக் காய்ச்சல்தான். பிள்ளைக்கு விட்டுவிட்டு வரும் காய்ச்சல் ஒன்று இருக்கிறது, பாவம், என்று பேசிக்கொண்டார்கள்.

இந்தக் கொள்கைக்கு ஆதாரம் வேண்டுமே என்று ஒரு கோடையில் குடுமியான்மலைக்குப் போனார். அங்கே பாறையில் ஸ்வரங்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். எழுத்துக்களுக்கு மேலே ஆங்காங்கே புள்ளி இருக்கிறது. அந்தப் புள்ளி எதற்கு என்று பண்டிதர்களுக்குள் தகராறு. பிள்ளை யாரோடும் தகராறு பண்ணவில்லை. உச்சி வெயிலில் பாறை முன்னால் நின்றபடி, ஒவ்வொரு புள்ளியும் தன்னுடைய இடைச்சுரத்தைத்தான் குறிக்கிறது என்று தாமே தீர்மானம் செய்துகொண்டார். பிறகு மயக்கம் போட்டு விழுந்தார். கோயில் குருக்கள் தண்ணீர் தெளித்து மண்டபத்தில் படுக்க வைத்தார். ஊர் திரும்பியதிலிருந்து, யார் எந்தக் கேள்வி கேட்டாலும் பிள்ளையின் பதில் ஒன்றுதான்: கல்லிலேயே இருக்கிறது.

கல்லில் இருந்ததே தவிர வாத்தியத்தில் வரவில்லை. ஆர்மோனியத்தில் கட்டையும் கட்டையும் ஒட்டிக்கொண்டு நின்றன. சந்துக்கு இடமே இல்லை. அதை ஒரு நாடகக் கம்பெனிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். வீணையில் தண்டியில் பதித்த மெட்டுகள் குறுக்கே நின்று தடுத்தன. பிடிலில் வருமே என்று ஒரு பிடில்காரரை வீட்டுக்கு வரவழைத்து, விரலை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினார். பிடில்காரர் நெடுநேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் விரல் வைத்ததற்காகத்தான் சின்ன வயதில் குருநாதரிடம் பிரம்படி வாங்கியதாகவும், இனி அங்கே போகத் தமக்குத் தைரியம் இல்லை என்றும் சொல்லி, பிடிலைப் பெட்டியில் வைத்துவிட்டார்.

ஆகவே வாய்ப்பாட்டுத்தான் வழி என்று ஆயிற்று. ஊர்ச் சங்கீத சபாவில் அந்த வருஷத்து நவராத்திரிக்குச் சோலையப்ப பாகவதர் பாட வந்தார். நல்ல சாரீரம், நல்ல மனசு. ஊர்க் கோயில் அம்மன் பிருகதாம்பாள் மேல் பிள்ளை எழுதிய கீர்த்தனை ஒன்றைப் பாட ஒப்புக்கொண்டார். பிள்ளை ஒரு வாரம் அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தார். கச்சேரி அன்று சபா நிறைந்திருந்தது. பாகவதர் அந்தக் கீர்த்தனையைப் பாடி முடித்ததும் கைதட்டல் வெளியே சைக்கிள் கடை வரை கேட்டது. பிள்ளை முதல் வரிசையில் எழுந்து நின்று, இது என் பாட்டு இல்லை என்றார்.

பாகவதர் பதறிப் போனார். மேடையிலிருந்தே கையைக் கூப்பி, மெதுவான குரலில் விளக்கினார்.

"நீங்க எழுதுனதுல அங்கங்க சுருதி கொஞ்சம் விலகியிருந்துச்சுங்க. இந்த ஊர்ப் பெரியவர் பாட்டாச்சேன்னு எல்லாத்தையும் சரி பண்ணிப் பாடிட்டேன். நீங்க ஒண்ணும் வருத்தப்பட்டுக்காதீங்க."

சபையோர் பாகவதரின் பெருந்தன்மையை மெச்சி இன்னொரு முறை கைதட்டினார்கள்.

மறு வருஷம் பிள்ளை தாமே மேடை ஏறினார். முதல் வரியைப் பாடியதும் தம்புராக்காரன் திடுக்கிட்டுத் தம்புராவைப் பார்த்தான். முறுக்காணியைக் கொஞ்சம் திருகினான். இரண்டாம் வரிக்கு இன்னும் கொஞ்சம் திருகினான். பாட்டு முடிவதற்குள் அவன் மேலே ஏற்றியும் கீழே இறக்கியும் பார்த்துக் களைத்துப் போய், தந்தி அறுந்த பிறகுதான் நிம்மதியாக உட்கார்ந்தான். கேட்டவர்களுக்கோ பிள்ளைக்குத் தொண்டை சரியில்லை என்பதில் சந்தேகமே இல்லை. சபாக் காரியதரிசி பாதியில் எழுந்துவந்து பொன்னாடை போர்த்தி, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார். அன்றிலிருந்து கடைத்தெருவில் யாரைப் பார்த்தாலும் பிள்ளையிடம் தொண்டை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். மிளகையும் பனங்கற்கண்டையும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். வாங்க மறுத்தால் பேச முடியவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு பொட்டலம் கொடுத்தார்கள். பிள்ளை வெளியே போவதையே குறைத்துக்கொண்டார்.

இப்படி இருக்கும்போதுதான் யுத்தம் வந்தது. அதாவது, யுத்தம் ஏற்கெனவே எங்கோ நடந்துகொண்டிருந்தது. ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்து, கொழும்பில் குண்டு போட்டு, மதராஸில் பாதி ஊர் காலியான பிறகு புதுக்கோட்டைக்கும் தன் முக்கியத்துவம் புரிந்தது. ஜப்பான்காரன் இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் புதுக்கோட்டையைப் பார்க்காமல் போவானா என்று பெரிய மனிதர்கள் கூடிப் பேசினார்கள். நகரப் பாதுகாப்புக் கமிட்டி ஒன்று அமைந்தது. அதன் தலைவர் ரிட்டையர்டு சுபேதார் தங்கமுத்துச் சேர்வை. முதல் யுத்தத்தில் மெசபடோமியாவில் பீரங்கிக்குப் பக்கத்திலேயே நின்று பணியாற்றியவர். அதனால் காது இரண்டும் மந்தம். அபாயச் சங்குக்கான பொறுப்பையும் அவரே எடுத்துக்கொண்டார்.

உண்ணாமலையின் தம்பி ரெங்கராஜ் அந்தக் கமிட்டியில் குமாஸ்தா. அக்காள் வீட்டுக்காரர் இப்படி முடங்கிக் கிடக்கிறாரே, சங்கு ஊதும் வேலையையாவது வாங்கிக் கொடுக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது. அதைச் சொன்னபோது பிள்ளை கோபித்துக்கொண்டு விறைப்பாகச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். கீர்த்தனை எழுதுகிறவனை ஆலைச் சங்கு ஊதக் கூப்பிடுகிறாயா என்பது அவர் கேள்வி. உண்ணாமலை தம்பிக்காகப் பரிந்து பேசினாள். ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டாவது வாருங்கள் என்றாள். பார்த்துவிட்டு வரத்தான் போனார்.

கடைத்தெருவுக்கு நடுவில் பழைய தாலுகா கச்சேரிக் கட்டடம் ஒன்று இருந்தது. அதன் மொட்டைமாடியில் சங்கை வைத்திருந்தார்கள். இரும்புக் காலில் நிற்கும் ஒரு சின்னப் பீப்பாய், பக்கத்தில் ஒரு கைப்பிடி. பிள்ளை மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைப்பிடியைச் சுற்றினார். முதலில் அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல் வந்தது. சுற்றச் சுற்ற அது ஏறிற்று. ஸவிலிருந்து ரிக்கு, ரியிலிருந்து கவுக்கு, ஒரு வீட்டையும் விடாமல், ஒரு சந்தையும் விடாமல், ஒவ்வொரு வாசலிலும் நின்று விசாரித்துக்கொண்டே போவதுபோல ஏறி உச்சியில் போய் நின்றது. கையை விட்டார். அது அதே தெரு வழியாக, அதே ஆட்களையெல்லாம் பார்த்தபடி, மெல்ல இறங்கி அடங்கியது.

கீழே கடைத்தெருவில் ஜனங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை இன்னொரு முறை சுற்றினார். அவர் கண்ணில் நீர் நிறைந்திருந்ததை ரெங்கராஜ் பார்த்தான். புழுதி விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

"மாப்பிள்ளை, இதைச் செஞ்சது யாரு?" என்று கேட்டார் பிள்ளை.

"வெள்ளைக்காரன்தான் மச்சான். சீமையில இருந்து வந்துருக்கு."

"அவனுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார் பிள்ளை. மறுநாளே வேலையில் சேர்ந்துவிட்டார்.

வேலை சுலபம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மேலிடத்திலிருந்து வந்த உத்தரவு தெளிவாக இருந்தது. அபாயம் என்றால் சங்கு ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஊத வேண்டும். அபாயம் நீங்கிவிட்டது என்றால் ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சீராக ஊத வேண்டும். பிள்ளை இதைப் படித்துவிட்டுக் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து, எந்த ஸ்வரத்தில் சீராக ஊத வேண்டும் என்று கேட்டார். சுபேதாருக்கு ரெங்கராஜ் காதருகே போய்க் கேள்வியைச் சத்தமாகச் சொன்னான். சீராக இருந்தால் போதும் என்றார் சுபேதார். எதில் சீராக இருப்பது என்றார் பிள்ளை. கூட்டம் அதோடு நின்றது. இந்த விஷயம் பரிசீலனையில் இருப்பதாக எழுதிக்கொண்டு எல்லாரும் காப்பி குடித்தார்கள். பிறகு யாரும் அதைப் பரிசீலிக்கவில்லை.

ஆகவே பிள்ளை தம் இஷ்டப்படி செய்தார். அசையாமல் நிற்கிற ஸ்வரம் பிணத்துக்குச் சமம் என்பது அவர் அபிப்பிராயம். அபாயத்துக்குப் பெரிய பெரிய அலைகளாக ஏற்றி இறக்கினார். அபாயம் நீங்கியதற்கு, பக்கத்துப் பக்கத்துச் சந்துகள் இரண்டை எடுத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து மற்றதற்கு மிக மெல்லிய ஓர் ஊசலாக ஆட்டினார். அவர் காதுக்கு இரண்டும் யானையும் முயலும்போல வேறு வேறாக இருந்தன. ஒத்திகை நாட்களுக்காக ஒவ்வொன்றையும் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று பிரித்துக் கட்டினார். கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் தோள் இறுகி, வயதுக்குப் பொருந்தாத புஜம் ஒன்று வலது பக்கத்தில் மட்டும் வளர்ந்தது. வீட்டில் நன்றாகச் சாப்பிட்டார். உண்ணாமலைக்கு அதுவே பெரிய ஆறுதல். கச்சேரி மாடியில் கச்சேரி என்று ஊரார் கேலி செய்தது அவர் காதில் பாராட்டாகவே விழுந்தது.

ஊராருக்கும் ஒத்திகை பழகிப் போயிற்று. குளக்கரையிலும் பொட்டலிலும் பதுங்கு குழிகள் வெட்டியிருந்தார்கள். சங்கு கேட்டதும் அவரவருக்கு வழக்கமான குழியில் போய் இறங்குவார்கள். குழிக்குள்ளேயே கடலை விற்பனை நடந்தது. ஒரே குழியில் அடிக்கடி சந்தித்த இரண்டு குடும்பங்கள் சம்பந்தம்கூடப் பேசி முடித்தன. சங்கதி என்னவென்றால், ஏறி இறங்குகிற சங்குக்கும் ஊசலாடுகிற சங்குக்கும் அவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. இரண்டும் ஆடுகின்றன, அவ்வளவுதான். ஒவ்வொரு ஒத்திகையிலும் ரெங்கராஜ் சைக்கிளில் குழி குழியாகப் போய் எழுந்திருக்கச் சொன்னதால் ஒருவருக்கும் இது உறைக்கவில்லை.

பிறகு ஒருநாள் மதராஸிலிருந்து ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஒத்திகையைப் பார்வையிட வந்தார். கமிட்டி கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடித்தது. குழிகளுக்குக் கோலம் போட்டது. ரெங்கராஜுக்கு அன்று அதிகாரியின் பக்கத்திலேயே நிற்க வேண்டிய வேலை. மத்தியானம் சங்கு ஒலித்தது. ஊர் முழுவதும் குழிக்குள் இறங்கியது. அதிகாரி, சுபேதார், ரெங்கராஜ் மூவரும் அவர்களுக்கென்று வெட்டி நாற்காலி போட்டிருந்த குழியில் இறங்கினார்கள். அதிகாரியின் கார் டிரைவர் பக்கத்துக் குழியில் இறங்கினான்.

சிறிது நேரத்தில் பிள்ளை அபாயம் நீங்கியதற்கான உருப்படியை வாசித்தார். அன்று கை நன்றாகப் பேசியது. முடித்துவிட்டுக் கைப்பிடிச் சுவர் ஓரமாக வந்து எட்டிப் பார்த்தார். தெருவில் ஒரு ஈ, காக்கை இல்லை. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பிள்ளைக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒரு சபை அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. திரும்பிப் போய் அதையே இன்னும் விஸ்தாரமாக வாசித்தார். குழிக்குள் இருந்தவர்கள், ஜப்பான்காரன் நிஜமாகவே வந்துவிட்டான் போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்து உட்கார்ந்தார்கள். இப்போது ஒலிப்பது எந்தச் சங்கு என்று அதிகாரி சுபேதாரிடம் விசாரித்தார். சுபேதாருக்குச் சங்கே கேட்கவில்லை. ஆனால் ஜனங்கள் உள்ளே நகர்வதைப் பார்த்து, அபாயம்தான் என்று உறுதியாகச் சொன்னார். தலைவர் சொன்ன பிறகு குமாஸ்தா எப்படி மறுப்பது? ரெங்கராஜ் வாயை மூடிக்கொண்டான்.

வெயில் சாய்ந்தது. பிள்ளை விட்டு விட்டு வாசித்துக்கொண்டே இருந்தார். வல்லத்திராக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய உண்ணாமலைக்கு ஊரைப் பார்த்ததும் ஒன்றும் புரியவில்லை. திறந்து போட்ட கடைகளில் ஆள் இல்லை. ஒரு மாடு மட்டும் வாழைக்காய்க் கடையில் நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. சங்குச் சத்தத்தை வைத்துக் கணவர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து மாடி ஏறினாள்.

"ஏங்க, ஊரே குழிக்குள்ள ஒக்காந்துருக்கு. நீங்க இங்கிட்டு என்ன பண்றீங்க?"

"கேட்டுக்கிட்டிருக்காங்க உண்ணாமலை" என்றார் பிள்ளை. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைக் கலியாணத்தன்றுகூட அவள் பார்த்ததில்லை.

அவள் கீழே இறங்கி, குளக்கரைக்குப் போய், வயலில் ஆட்களைக் கூப்பிடும் குரலில், முடிந்துவிட்டது, எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போங்கள் என்றாள். ஊர் எழுந்து கால் உதறியது.

கமிட்டியார் தலை குனிந்து நின்றார்கள். அதிகாரியோ ஒவ்வொருவராகக் கைகுலுக்கினார். இந்த மாகாணம் முழுவதும் சுற்றியிருக்கிறேன், வேறெங்கும் ஜனங்கள் சங்கு நின்ற மறுநிமிஷமே எழுந்து ஓடிவிடுகிறார்கள், இங்கேதான் அரைநாள் ஒரு குழந்தைகூட அசையவில்லை என்றார். சங்கை மட்டும் நம்பாமல், நிலைமையை நேரில் பார்த்து அறிவிக்க ஒரு கிராமத்துப் பெண்ணை ஏற்பாடு செய்திருந்த யோசனையை மற்ற ஊர்களும் பின்பற்ற வேண்டும் என்று சிபாரிசும் செய்தார். சில நாளில் சுபேதாருக்கு ஒரு நற்சாட்சிப் பத்திரமும் பதக்கமும் வந்தன. கமிட்டி பிள்ளைக்கு அன்றே மாலை போட்டது.

மாலை வாடுவதற்கு முன்பே ஒருவர் பிள்ளையைத் தேடி வீட்டுக்கு வந்தார். கீழ ராஜ வீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஜெகபர் அலி ராவுத்தர். ரங்கூனில் பெரிய கடை வைத்திருந்தவர். குண்டு விழுந்த பிறகு காடும் மலையுமாக நடந்து ஊர் வந்து சேர்ந்தவர். கடையில்கூட அதிகம் பேசமாட்டார். பிள்ளை அவரை உட்காரச் சொன்னார். தொண்டை விஷயமாகத்தான் விசாரிக்கப் போகிறார் என்று நினைத்தார்.

ராவுத்தர், நேற்று ரெண்டாவது தடவை வாசித்தபோது சங்கு முதல் தடவையைவிட ஒரு முடி அளவு கீழே நின்றதே, அது ஏன் என்று கேட்டார்.

பிள்ளை வேண்டுமென்றுதான் இறக்கியிருந்தார். இந்த ஊரில் அதைக் கண்டுபிடிக்க ஒரு காது இருக்கிறது என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. உண்ணாமலையைக் கூப்பிட்டுக் காப்பி கொண்டுவரச் சொன்னார். மூன்றாவது தடவை என்ன செய்தேன் என்று பரீட்சை வைத்தார். ராவுத்தர் சரியாகச் சொன்னார். போன வாரத்து ஒத்திகை? அதையும் சொன்னார். பிள்ளை எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். எந்தக் குருவிடம் படித்தீர்கள் என்று கேட்டார்.

"படிப்பெல்லாம் இல்லங்க" என்றார் ராவுத்தர். "ரங்கூன்ல மொத நாள் சங்கு ஊதுனப்ப எல்லாரும் தெருவுல நின்னு வேடிக்கை பார்த்தோம். அதுக்கு முந்தி ஒத்திகை ஒத்திகைன்னு ஊதி ஊதிப் பழகிப் போச்சு. என் தம்பி ஷேக் பரீது கடை வாசல்ல நின்னு மேல பார்த்துக்கிட்டிருந்தான். வெள்ளி மாதிரி மின்னுது பாருங்கண்ணேன்னு என்னையும் கூப்பிட்டான். நான் பணப்பெட்டியப் பூட்டிட்டு வர உள்ள போனேன். திரும்பி வந்தா வாசலே இல்ல."

காப்பி கொண்டுவந்த உண்ணாமலை நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"அதுக்கப்பறம் தெனமும் குழிக்குள்ள ஒக்காந்து அந்தச் சத்தத்தையேதான் கேட்டுக்கிட்டிருந்தேன். ஏறுதா எறங்குதா, எறங்குதா ஏறுதா. இப்ப அரை முடி மாறுனாலும் எனக்குத் தெரியும். நேத்து அரைநாள் என் வீட்டுப் பொம்பளைங்க குழிக்குள்ள அழுதுக்கிட்டே இருந்தாங்க." அவர் காப்பியை வாங்கிக் கீழே வைத்தார். "நீங்க பெரிய வித்துவான். நான் சொல்லக் கூடாது. ஓட வேண்டிய சத்தத்தை ஓடுற மாதிரியே ஊதுங்க. எந்திரிக்க வேண்டிய சத்தத்தை எந்திரிக்கிற மாதிரி ஊதுங்க. அதுல பாட்டு வேணாங்க."

பிள்ளை கல்லிலேயே இருக்கிறது என்று சொல்லவில்லை. ராவுத்தர் போன பிறகு வெகுநேரம் சுவரில் மாட்டியிருந்த மாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று சாப்பிடவில்லை. தமக்குக் கிடைத்த ஒரே ரசிகர், தம் உருப்படிகளிலேயே சிறந்ததை வாசிக்காதே என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். இதற்குக் கோபப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. உண்ணாமலை மாலையைக் கழற்றி மாட்டுக்குப் போட்டாள்.

அடுத்த ஒத்திகையில் சங்கு சரியாக ஏறி இறங்கியது. பிறகு, அபாயம் நீங்கியதும், கையில் இருந்த அசைவையெல்லாம் அடக்கிக்கொண்டு, செத்த ஸ்வரம் ஒன்றைப் பிடித்துக் கடைசி வரை ஒரே கோடாக இழுத்தார். அசையாமல் இழுப்பது அசைப்பதைவிடக் கஷ்டம் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. வியர்த்துக் கொட்டியது. சங்கு நிற்பதற்குள் ஊர் எழுந்துவிட்டது. யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவரவர் கடையைத் திறந்து வியாபாரத்தைப் பார்த்தார்கள்.

இது பெரிய தகராறாகிவிட்டது. சுபேதார் அவசரக் கூட்டம் போட்டார். மாகாணத்திலேயே அரைநாள் குழியில் உட்கார்ந்து பேர் வாங்கிய ஊர், இப்போது கண்மூடித் திறப்பதற்குள் எழுந்து ஓடுகிறது, கட்டுப்பாடு குலைந்துவிட்டது, அதிகாரி மறுபடி வந்தால் என்ன பதில் சொல்வது என்று பதக்கத்தைத் தொட்டுக்கொண்டே கேட்டார். கடலைக்காரரும் தம் பங்குக்கு ஒரு மகஜர் கொடுத்தார். பிள்ளையைக் கூப்பிட்டு, முன்பு ஊதியதுபோல ஏன் ஊதவில்லை என்று விளக்கம் கேட்டார்கள். உத்தரவில் உள்ளபடி ஒரே சீராக ஊதினேன் என்றார் பிள்ளை. உத்தரவு வந்து இவ்வளவு காலம் கழித்துத்தான் அதன்படி நடக்கத் தோன்றியதா என்று ஒரு கமிட்டி அங்கத்தினர் மடக்கினார். வேலையில் சிரத்தை குறைந்துவிட்டது என்று தீர்மானம் நிறைவேற்றி அவரை நீக்கினார்கள். ரெங்கராஜ்தான் அந்தத் தீர்மானத்தை எழுத வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு ஒரு மாசம் அவன் அக்காள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

பிள்ளையின் இடத்துக்குப் பிச்சை என்று கரும்பு ஆலையில் சக்கரம் சுற்றிய ஒருவரை வைத்தார்கள். அவர் நல்ல உழைப்பாளி. கை வலித்தால் மெதுவாகச் சுற்றுவார், வலி விட்டால் வேகமாகச் சுற்றுவார். அபாயம், அபாயமின்மை என்கிற பேதமெல்லாம் அவரிடம் இல்லை. ஊர் மறுபடியும் அரைநாள் குழிக்குள் உட்கார்ந்தது. கமிட்டிக்குத் திருப்தி. ஜெகபர் அலி ராவுத்தர் தம் வீட்டாரை அரிமளத்தில் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அங்கே சங்கு கிடையாது. ஜப்பான்காரன் கடைசி வரை புதுக்கோட்டைக்கு வரவில்லை. யுத்தம் முடிந்ததும் சங்கை ஏலம் போட்டார்கள். ஓர் அரிசி ஆலைக்காரர் எடுத்துக்கொண்டு போனார்.

பிள்ளை முன்போலவே வீட்டில் உட்கார்ந்து கீர்த்தனை எழுதினார். ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கடைக்குப் போகும் வழியில் ராவுத்தர் எட்டிப் பார்த்தார். வேலை போனதற்குத் தாம்தான் காரணம் என்று அவருக்கு மனசு உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. அதை அவர் ஆரம்பிப்பதற்குள் பிள்ளை புதிதாக எழுதிய ஒன்றைப் பாட ஆரம்பித்துவிட்டார். ராவுத்தர் கண்ணை மூடிக் கேட்டார்.

"மூணாவது அடியில ஒரு எடத்துல எறக்கிட்டீங்க" என்றார் முடிவில்.

"வேணும்னுதான் எறக்குனேன்."

"தெரியுது. ஆனா நல்லா இல்லைங்க. பல்லு கூசுது."

பிள்ளைக்கு அதுவே போதுமாக இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமையும் வரச் சொன்னார். ராவுத்தர் வந்தார். வந்து வந்து, எது எங்கே ஏறியது, எங்கே இறங்கியது என்று பிசகாமல் சொல்வார். நன்றாக இருக்கிறது என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. அப்படி அவர் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போது சில இடங்களில் அவர் வலது கை விரல்கள் பாயைப் பற்றிக்கொள்வதை உண்ணாமலைதான் முதலில் கவனித்தாள். ராவுத்தர் போன பிறகு அவளும் பிள்ளையும் பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடிப் பார்த்து, எந்த இடம் என்று கண்டுபிடித்தார்கள். இரண்டு சந்துகள். சங்கில் அபாயம் ஏறி உச்சிக்குப் போகும் வழியில் இருந்தவை.

எந்தச் சந்தையும் விடக் கூடாது என்று ஊரோடு சண்டை போட்ட மனிதர், அந்த இரண்டையும் எடுத்துவிட்டுப் பழைய கீர்த்தனைகளையெல்லாம் ஒவ்வொன்றாக மாற்றிக் கட்டினார். அதற்கு ஒரு மழைக்காலம் முழுவதும் ஆயிற்று. ராவுத்தரிடம் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாற்றியதை முதன்முதலாகப் பாடிய அன்று ராவுத்தர் பாயைப் பற்றாமல் கடைசி வரை கேட்டுவிட்டு, எப்போதும்போல நான்கைந்து குறைகளைச் சொன்னார். பிறகு காலை நீட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டு, அன்று முதலில் பாடிய கீர்த்தனையை இன்னொரு தடவை பாடச் சொன்னார். அன்று அவர் கடை திறக்க வெகுநேரம் ஆயிற்று.